மாமா சொன்னதைப் பத்தால் வகு

லார்க்ஸ்பிட் விடுமுறைப் பூங்கா,
ஜி வரிசை, 14-ஆம் எண் கேரவன்,
மேபிள்தோர்ப் அருகே.
6 மார்ச் 1994

என் அருமை மருமகள் லொரெய்னுக்கு,

வடகடலின் கரையை ஒற்றை ஆளாகக் காவல் காத்துவரும் உன் தாய்மாமன் வில்ஃப் எழுதுவது. நான் நலம். நீயும் கீத்தும் குழந்தைகளும் நலமாயிருக்க வேண்டுமென்று இங்குள்ள பதினாறாயிரம் கடற்காகங்களும் என்னோடு சேர்ந்து பிரார்த்தித்தன. பிரார்த்தனை முடிந்ததும் அவற்றில் ஒன்று என் உருளைக்கிழங்கு வறுவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நவம்பர் தொடங்கி பிப்ரவரி முடியும்வரை பூங்காவைப் பூட்டிவிடுவது இங்கே வழக்கம் என்பது உனக்குத் தெரியும். அந்த நான்கு மாதமும் ஊருக்குள் திருமதி பாக்லிங்டன் வீட்டு மாடியறையில் சிறையிருந்தேன். அந்த அம்மாள் வேகவைக்கும் முட்டைக்கோஸின் வாசனை தாங்காமல் சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் தானாகவே உரிந்து கீழே இறங்கி என்னிடம் அடைக்கலம் கேட்டது. மார்ச் முதல் தேதி வாயிற்கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே ஓடினேன். அறுபத்தொன்பது வயதில் ஒருவன் இப்படி ஓடியதை லிங்கன்ஷயர் இதுவரை கண்டதில்லை.

உன் கடிதம் மூன்று வாரமாக என் சட்டைப்பையில் இருக்கிறது. சுரங்கத்தை மூடியபோது கீத்துக்குக் கொடுத்த தொகையில் இங்கே சொந்தமாக ஒரு கேரவன், அந்தச் சக்கரம் வைத்த தகர வீடு, வாங்க வேண்டுமென்று அவன் பிடிவாதமாக இருக்கிறான், குடும்பத்தோடு விடுமுறைப் பூங்காவுக்குப் போவது கொடுக்கிற காசுக்குத் தகுமா, அதிலும் வாங்கிப்போடுவது தகுமா என்று கேட்டிருக்கிறாய்.

காசுக்குத் தகுமா என்றா கேட்டாய், தாயே? இங்கே கடல் உள்வாங்கினால் ஹாலந்து வரை போகும். அங்குள்ளவர்கள் கோபித்துக்கொண்டு திருப்பி அனுப்பினால்தான் சாயங்காலம் திரும்பி வரும். நீச்சல் குளத்துச் சறுக்குமரத்தில் ஏறியவன் இறங்கும்போது ஒரு வயது கூடியிருப்பான், அவ்வளவு நீளம். பூங்காவின் வெள்ளிக்கிழமைக் கேளிக்கை மன்றத்தில் போன ஆகஸ்டில் ஒரு பல் மருத்துவர் மூக்கால் புல்லாங்குழல் வாசித்தார். மூன்று விதவைகள் அவரை அங்கேயே மணக்கத் துணிந்தார்கள். பிங்கோ எண் ஆட்டத்தில் பன்றித்தொடை இறைச்சி வென்ற ஒரு பாட்டி அதைக் கைக்குழந்தை போல ஏந்தி, வரிசை வரிசையாகப் போய்க் காட்டிவிட்டு வந்தார். நீங்கள் வராத வாரங்களில் வாடகைக்கு விட்டால் கேரவன் தன் விலையைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்கிறார் மேலாளர் ஸ்லேட்டர். தங்கமான மனிதர். போன வாரம் ஒரு டப்பா பிஸ்கட்டோடு என் வாசலுக்கே வந்து, "உங்க மருமக வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தார். நான் இந்தக் கேரவனை வாங்கிப் பதினைந்து வருடமாகிறது. அவர் என் வாசலுக்கு வந்தது இதுவே முதல் முறை.

கர்ஸ்டிக்கும் டேரனுக்கும் முத்தங்கள், தலைக்கு ஆயிரம்.

இப்படிக்கு,
வடகடல் காவலரும், ஜி வரிசைப் பேரரசரும், உன் மாமாவுமாகிய
வில்ஃப்

*

மேன்ஸ்ஃபீல்ட்,
13 மார்ச் 1994

அன்புள்ள வில்ஃப் மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கீத் அதைச் சமையலறையில் சத்தம் போட்டுப் படித்தார். முட்டைக்கோஸ் இடம் வந்ததும் சிரித்தார், மாமா. அக்டோபரில் சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. காலையில் ஐந்து மணிக்கே எழுந்து, போக இடமில்லாமல், அதே நாற்காலியில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். நேற்று அந்த நாற்காலியை விட்டு எழுந்துபோய் லார்க்ஸ்பிட் விளம்பரப் புத்தகத்தை எடுத்துவந்தார்.

அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. "வேண்டாம்" என்று சொல்ல வாய் வரவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் பூமிக்கு அடியில இருந்துட்டேன் லொரெய்ன். கொஞ்சம் ஆகாசத்தை வாங்கிக்கிறேனே" என்கிறார்.

"ஆகாசத்துக்கு வருஷா வருஷம் இட வாடகை உண்டாமே. அத எந்த ஆகாசத்துலேர்ந்து கட்டுவீங்க?" என்றேன்.

"உங்க மாமாவே கட்டறார்ல. அவர் என்ன கோடீஸ்வரரா? பஸ் ஓட்டினவர்தானே?"

அதனால் உங்களைக் கேட்கிறேன். எங்களிடம் இருப்பது பத்தொன்பதாயிரம் பவுண்டு. இனி வர வேறு எதுவும் இல்லை. கீத்துக்கு நாற்பத்தொன்று. நிலக்கரி வெட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவரை இந்த ஊரில் யாரும் கூப்பிடப்போவதில்லை. இதில் பதின்மூன்றாயிரத்தைக் கேரவனில் போட்டால் நாங்கள் மூழ்கிவிடுவோமா, மாட்டோமா?

அம்மா உங்களைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? "என் தம்பி எது சொன்னாலும் பத்தால வகுத்துக்கோ. மிச்சம் இருக்கறதுதான் நிஜம்." நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். நீங்கள் பிடித்த மீன் ஒரு ஆள் நீளம் என்றால் ஒரு சாண் என்று புரிந்துகொள்வோம். இந்த ஒரு தடவை நான் வகுக்க வேண்டியிராதபடி எழுதுங்கள். பத்து வார்த்தை போதும்.

உங்கள்,
லொரெய்ன்

*

லார்க்ஸ்பிட்,
20 மார்ச் 1994

என் கண்ணே லொரெய்ன்,

பத்து வார்த்தையா? உன் மாமனிடம் பத்து வார்த்தை கேட்பது கடலிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்பது போல. என்றாலும் என் அக்கா டோரீன் பெயரைச் சொல்லிவிட்டாய். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

வாங்கு.

ஒரு வார்த்தையிலேயே முடித்துவிட்டேன். மிச்சம் ஒன்பதை உனக்கே பரிசாகத் தருகிறேன். கீத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது என்கிறாய். அந்தச் சிரிப்பை எந்த வங்கியில் போட்டு வட்டி வாங்க முடியும்? ஈஸ்டருக்கு எல்லோரும் வாருங்கள். ஸ்லேட்டர் காட்சிக்கு வைத்திருக்கும் புதுக் கேரவனில் மூன்று இரவு இலவசமாகத் தங்கலாமாம். அதன் சோபாவில் உட்கார்ந்த ஒரு பாதிரியார் தன் மதத்தையே மறந்துவிட்டார் என்று கேள்வி.

நேற்று ஸ்லேட்டர் எனக்கு மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஏனோ முழுதும் சாப்பிடவில்லை.

உன் மாமா,
வில்ஃப்

*

மேன்ஸ்ஃபீல்ட்,
10 ஏப்ரல் 1994

அன்புள்ள மாமாவுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டோம். டேரன் இன்னும் இறங்கவில்லை, கடற்கரையில் சவாரி போன கழுதைமேலேயே மனதில் உட்கார்ந்திருக்கிறான். பள்ளியில் அவனுடைய ஆசிரியை "விடுமுறையில் என்ன செய்தாய்?" என்று கேட்டதற்கு, "எங்களுக்குக் கடல்ல ஒரு வீடு இருக்கு, மிஸ்" என்றிருக்கிறான்.

ஆமாம், முன்பணம் ஆயிரம் கட்டிவிட்டார் கீத். டி வரிசை, ஒன்பதாம் எண். மே கடைசிக்குள் மீதி முழுவதும் கட்ட வேண்டும். ஸ்லேட்டர் சாமர்த்தியமான ஆள். நாங்கள் எவ்வளவு வரை போக முடியும் என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பவுண்டு கூடவும் கேட்கவில்லை, குறைக்கவும் இல்லை. கீத் தன் சுரங்க விளக்கைக் கொண்டுவந்து அந்தக் கேரவன் வாசலில் மாட்டிப் பார்த்ததை நீங்களும்தானே பார்த்தீர்கள்? எவ்வளவு பொருத்தமாக இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் நீங்கள் ஏன் பேசவேயில்லை? ஆட்டுக்கறி வெட்டித் தரச் சொன்னபோதுகூட "ம்" என்றீர்கள். "மாமாத் தாத்தாவுக்குப் பல்வலியா?" என்று கர்ஸ்டி கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்கள் கேரவன் தரையும் குளியலறைப் பக்கம் அமுங்குகிறது. யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லொரெய்ன்

*

லார்க்ஸ்பிட்,
8 மே 1994

அன்பு லொரெய்ன்,

மீதிப் பணத்தைக் கட்டாதே. முன்பணம் போனால் போகட்டும். ஆயிரம் பவுண்டை வடகடலில் போட்டதாக நினைத்துக்கொள். மீன்கள் செழிக்கட்டும்.

ஸ்லேட்டரைத் தங்கமான மனிதர் என்று எழுதினேன் அல்லவா? அந்த ஆள் டை கட்டிய முதலை. காலை உணவுக்கு இரண்டு ஓய்வூதியக்காரர்களை விழுங்கிவிட்டு அவர்களுடைய மூக்குக் கண்ணாடியால் பல் குத்துகிறவர். இட வாடகை வருடா வருடம் ஏறும், அது நிலாவில் போய் முட்டும். வாடகைக்கு விட்டு வருகிற காசில் பாதி பூங்காவுக்கு. மீதிப் பாதியைச் சுத்தம் செய்யும் கூலி, எரிவாயு, காப்பீடு என்று முதலையின் குட்டிகள் பங்கு போட்டுக்கொள்ளும். பதினைந்து வயதானால் எந்தக் கேரவனும் இங்கே நிற்கக் கூடாது. இழுத்துக்கொண்டு போய் உடைத்துவிடுவார்கள். நடுவில் விற்கலாம் என்றால் பூங்காவுக்குத்தான் விற்க வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. எஃப் வரிசை ஆர்தர் பிங்கம் ஒன்பதாயிரத்துக்கு வாங்கியதை ஏழு வருடம் கழித்து போன வாரம் திருப்பிக் கொடுத்தார். முந்நூறு பவுண்டு கொடுத்தார்கள். அவர் அழுத அழுகையில் புல்வெளியில் வாத்து நீந்தியது.

கீத்திடம் சொல். அந்த விளக்கைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்.

உன் மாமா,
வில்ஃப்

*

மேன்ஸ்ஃபீல்ட்,
15 மே 1994

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கீத் படித்தார். எப்போதும் போலச் சத்தம் போட்டு. முதலை வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், புல்வெளியில் வாத்து நீந்திய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு தடவை படித்துக் காட்டினார்.

"கீத், இதுல கொஞ்சம் நிஜமும் இருக்கும் போலருக்கே" என்றேன்.

"இருக்கும், இருக்கும். பத்தால வகு. வாடகை கொஞ்சம் ஏறும். எங்கதான் ஏறல? அந்த பிங்கம் கேரவன்ல கூரை ஒழுகியிருக்கும், கொறச்சிக் குடுத்திருப்பாங்க. கெழவர் இத்தன வருஷமா அங்க தனி ராஜாவா இருந்துட்டார், நாம போனா அவர் கதையெல்லாம் பொய்னு தெரிஞ்சிடும்னு பயப்படறார்."

"விளையாட்டுக்குக்கூட 'கட்டாதே'ன்னு எழுத மாட்டாருங்க."

"ரெண்டு மாசம் முன்னாடி 'வாங்கு'ன்னு எழுதினவரும் அதே ஆள்தானம்மா."

வெள்ளிக்கிழமை முழுப் பணமும் கட்டியாயிற்று. முன்னதாகக் கட்டியதற்கு இரண்டு எரிவாயு உருளையும் வாசற்படிக்கு ஒரு கைப்பிடியும் இலவசம்.

நான் வகுக்கவில்லை, மாமா. ஆனால் நான் மட்டும் நம்பி என்ன? முதலையும் வாத்தும் இல்லாத ஒரு பக்கம் இருந்திருந்தால் அவர் முன்னால் வைத்திருப்பேன்.

லொரெய்ன்

*

மேன்ஸ்ஃபீல்ட்,
4 செப்டம்பர் 1994

வில்ஃப் மாமாவுக்கு,

மூன்று மாதத்துக்கு மேலாக நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை.

இந்தக் கோடை முழுவதிலும் எங்கள் கேரவனை நாலே வாரத்துக்குத்தான் வாடகைக்கு எடுத்தார்கள். நீங்கள் சொன்னபடியே பாதி போயிற்று, மீதியும் போயிற்று. அடுத்த வருட இட வாடகை ஏற்றத்துக்கான அறிவிப்பும் வந்துவிட்டது. அது நிலாவில் போய் முட்டவில்லைதான். எங்களைச் சாய்க்க நிலாவரை போகத் தேவையுமில்லை.

போன சனிக்கிழமை கீத் பூங்கா அலுவலகத்துக்குப் போய், திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். கட்டி மூன்று மாதம் ஆன பதின்மூன்றாயிரத்துக்கு நாலாயிரம் தருகிறேன் என்றார் ஸ்லேட்டர். கீத் அங்கேயே நின்றிருக்கிறார். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"வருத்தப்படாதீங்க. நீங்க வாங்கினதுல உங்க மாமாவுக்காவது நல்லது நடந்துச்சே. ஆள் சேத்து விட்டதுக்கு அவரோட பழைய கேரவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் குடுத்துட்டோம். இல்லன்னா இந்த அக்டோபரோட அது கெளம்பியிருக்கணும்."

கீத் இதை என்னிடம் சொன்னபோது கோபமாகச் சொல்லவில்லை. செய்தித்தாளில் யாருக்கோ நடந்ததைப் படிப்பது போலச் சொன்னார். பிறகு போய் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். அதே நாற்காலி.

அந்தப் பெண் சொன்னது உண்மையா? ஆமாம் அல்லது இல்லை. வேறெதுவும் எழுதாதீர்கள்.

லொரெய்ன்

*

லார்க்ஸ்பிட்,
10 செப்டம்பர் 1994

லொரெய்ன்,

ஆமாம்.

வேறெதுவும் எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அத்தை மேவிஸ் இறந்த மறு வருடமே நகராட்சி வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. கடலை விட்டு வர மனமில்லாமல்தான் குளிர்காலத்திலும் இந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்குகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வேறு வீடு இல்லை. பிப்ரவரியில் ஸ்லேட்டர் கடிதம் போட்டார். என் கேரவனுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது, அக்டோபர் முடிவில் எடுத்துவிட வேண்டும் என்று. அதே வாரம் உன் கடிதமும் வந்தது. மூன்று வாரம் பையில் வைத்திருந்தேன் என்று எழுதியது பொய். ஒரு வாரம் வைத்திருந்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வாங்குகிற ஆளைக் கொண்டுவந்தால் இரண்டு வருடம் தருவதாகச் சொன்னார். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை அவரிடம் சொன்னது நான்தான்.

மார்ச்சில் நீ பத்து வார்த்தை கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். மே மாதம் எழுதியதும் எல்லாம் உண்மை. அதை எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியவில்லை. இந்த இரண்டு வருடத்தைப் பற்றியும் அதில் எழுதியிருந்தால் கீத் சிரித்திருக்க மாட்டான். அதற்குத் துணிச்சல் வரவில்லை.

நேற்று ஸ்லேட்டரிடம் போனேன். என் இரண்டு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கீத்தின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அது வேற, இது வேற, மிஸ்டர் ஹாலம்" என்றார். நல்ல மரியாதையோடுதான் சொன்னார்.

வில்ஃப்

*

லார்க்ஸ்பிட்,
30 அக்டோபர் 1994

லொரெய்ன்,

ஏழு வாரமாகிறது. பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை.

அந்த இரண்டு வருடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் உங்களுக்கு எந்தப் பலனும் இல்லை. தெரிந்துதான் கொடுத்தேன். புதன்கிழமை டிராக்டர் வந்து என் கேரவனை இழுத்தது. பின்பக்கம் தரை கழன்று விழுந்துவிட்டது. மேவிஸ் ஒட்டிய குளியலறை ஓடுகள் அதோடு போயின. நான்கு ஓடு முழுதாகக் கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். இந்த நான்கு நாளாக ஆர்தர் பிங்கமின் தங்கை கேரவனில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். நாளையோடு பூங்காவைப் பூட்டுகிறார்கள். திருமதி பாக்லிங்டன் மாடியறையை வருடம் முழுவதற்கும் தருவதாகச் சொல்லிவிட்டார்.

டி வரிசை ஒன்பதாம் எண்ணின் வாசலில் கீத்தின் விளக்கு இன்னும் தொங்கியது. கழற்றித் துடைத்து, துணியில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இந்த வாரம் வந்து சேரும்.

போன சனிக்கிழமை புதுக் கேரவன் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். டெர்பி பக்கம். அவருக்கும் ஏதோ தொழிற்சாலை மூடிக் கிடைத்த பணமாம். வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். முதலை எதுவும் இல்லாமல், உனக்கு எழுத வேண்டியிருந்ததைப் போலவே சொன்னேன். அந்த அம்மாள் கணவரின் கையைத் தட்டி, "பாத்தீங்களா, இங்க இருக்கறவங்க எவ்வளவு தமாஷா பேசறாங்க" என்றார். உள்ளே போய் முன்பணம் கட்டிவிட்டார்கள். என் முகத்திலேயே ஏதோ இருக்கிறது போலிருக்கிறது.

பிப்ரவரியில் நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் வந்துவிட்டுப் போகிறவர்களுக்குக் காசுக்குத் தகும். டேரன் கழுதைமேல் உட்கார்ந்திருந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன், அதற்குத் தகும். வாங்குகிறவர்களுக்குத் தகாது. அந்த ஒரு வார மகிழ்ச்சி அவர்களுக்குத் திரும்பக் கிடைப்பதேயில்லை.

இதை வகுக்காதே.

இன்று காலை கடல் உள்வாங்கியிருந்தது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மணலில் எண்ணிக்கொண்டே நடந்து பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்ததும் தண்ணீர் வந்துவிட்டது.

வில்ஃப்